ஆணியை அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள்!

வாசகர் கேள்விகளுக்கு டயர்க்காரர் பதில்

வெயில் ஏற ஏற எனக்கு வரும் கடிதங்களும் ஏறும். இந்த முறை வந்தவற்றில் பாதி பஞ்சரைப் பற்றியவை. மீதிப் பாதியும் பஞ்சரைப் பற்றியவைதான். எழுதியவர்களுக்கு அது தெரியவில்லை, அவ்வளவே. "சூட்டில் டயர் வெடித்துவிட்டது" என்று தொடங்கும் கடிதத்தைப் பொறுமையாகப் படித்துக்கொண்டு போனால், நடுவில் எங்காவது "கொஞ்ச நாளாகவே காற்று இறங்கிக்கொண்டுதான் இருந்தது" என்று ஒரு வரி தலைகாட்டும். நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். பட்டறையில் டயர்களுக்கு நடுவே காலம் தள்ளியவன் என்பதால் சில இடங்களில் குரல் உயர்ந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் டயருக்குள் காற்று விரியும், அதனால் நாலைந்து பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) குறைத்தே அடிக்க வேண்டும் என்கிறார் என் மாமனார். நெடுந்தூரப் பயணத்தின் நடுவே நிறுத்தி, அளந்து பார்த்து, ஏறியிருந்தால் இறக்கியும் விடுகிறார். அவர் செய்வது சரியா?

பதில்: மாமனாரைப் பகைத்துக்கொள்ளும் துணிச்சல் இருந்தால் மேலே படியுங்கள். காற்று விரியும் என்று அவர் சொல்வது உண்மை. குறைத்து அடிக்க வேண்டும் என்பது தவறு.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். அதில் 33 பி.எஸ்.ஐ. என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது குளிர்ந்த டயருக்கான அளவு. வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அதுவும் நிழலில். காலையில் 25 டிகிரி வெப்பத்தில் 33 அடித்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். நண்பகலில், தார்ச் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிக் காய்ந்து கிடக்கும்போது, வேகமாக ஓடும் டயரின் உள்ளே காற்று 55 டிகிரிக்குப் போய்விட்டது என்று வையுங்கள். இப்போது அளந்தால் ஏறத்தாழ 38 காட்டும். பதற ஒன்றுமில்லை. இந்த ஏற்றத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் 33 என்று எழுதியிருக்கிறார்கள்.

மாமனார் இறங்கி 38ஐ 33 ஆக்குகிறார். மறுநாள் காலை அதே 25 டிகிரியில் அளந்து பாருங்கள், 29கூட இருக்காது. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. மடங்கி நிமிரும் ரப்பர் சூடாகும். ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடு உள்ளேயே தங்கும். தரையில் பதியும் பகுதிக்கு அடியில் ஓடும் எஃகுக் கம்பிப் பட்டைகளின் ஓரத்தில் ரப்பருக்கும் கம்பிக்கும் உள்ள பிடி விட்டுப்போகும் இடம் அதுதான். ஆக, சூட்டைத் தணிக்கிறேன் என்று காற்றை இறக்கியவர் சூட்டைக் கூட்டிவிட்டார். அதன் மேல் குடும்பம் முழுவதும் ஏறி, மேலே பெட்டிகளையும் கட்டி, நெடுஞ்சாலையில் விரட்டினால் டயர் எத்தனை நேரம்தான் தாங்கும்?

2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே டயரின் மேற்பகுதி உரிந்து வண்டிகள் கவிழ்ந்த விபத்துகள் அதற்குக் காரணம். டெக்சாஸ், அரிசோனா, ஃப்ளோரிடா போன்ற வெப்பமான மாநிலங்களில்தான் அவை அதிகம் நடந்தன. கார் நிறுவனம் பரிந்துரைத்த அளவு 26 பி.எஸ்.ஐ. அது போதாது, 30 இருந்திருக்க வேண்டும் என்று டயர் நிறுவனம் வாதாடியது. டயரிலேயே குறை இருந்தது என்பது எதிர்த்தரப்பு. அந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டாம். ஆனால் குறை உள்ள டயரோ குறையில்லாத டயரோ, குறைந்த காற்று, அதிக வேகம், அதிக பாரம், அதிக வெப்பம் என்ற நான்கும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பது அங்கே தெரிந்துபோயிற்று. அதன் பிறகுதான் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கைக் கார்களில் கட்டாயமாக்கினார்கள்.

அந்த விளக்கை நம்பி இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரிந்துரைத்த அளவிலிருந்து கால் பங்கு குறைந்த பிறகு எரிந்தால் போதும் என்பதுதான் அமெரிக்க விதி. உங்கள் அளவு 33 என்றால், 25க்குப் பக்கத்தில் இறங்கும்வரை விளக்கு சும்மா இருக்கலாம். கையில் ஒரு காற்றுமானி வைத்திருங்கள். மாமனாருக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள், காலையில் மட்டும் பயன்படுத்தச் சொல்லி.

கேள்வி: டயரின் பக்கத்தில் அதிகபட்சம் 51 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருக்கிறதே, அதுவரை அடிக்கலாமா?

பதில்: கூடாது. அது டயர் தாங்கும் எல்லை. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கதவுத் தூணில் இருக்கிறது. ஆள் நிறைய, சுமை நிறைய ஏற்றும் நாளுக்கு அங்கேயே இன்னோர் எண்ணும் இருக்கலாம். பலர் அதைப் படிப்பதே இல்லை.

கேள்வி: காலையில் காரைத் துடைக்கும்போது பின் டயரில் ஒரு திருகாணியின் தலை மின்னியது. காற்று குறைந்ததாகத் தெரியவில்லை. குறடால் பிடுங்கிவிடலாமா?

பதில்: தொடாதீர்கள். டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் காற்றை நிறுத்துவதற்கென்றே மென்மையான ஒரு ரப்பர்ப் படலம் இருக்கிறது. உள்ளே நுழைந்த ஆணியை அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஓட்டையைப் போட்ட ஆணியே ஓட்டைக்கு மூடியாகவும் நிற்கிறது. நீங்கள் பிடுங்கினால் மூடி போய்விடும், ஓட்டை மட்டும் மிஞ்சும். பட்டறைக்கு ஓட்டிவர வேண்டிய கார் வாசலிலேயே உட்கார்ந்துவிடும்.

முதலில் சோப்புத் தண்ணீரை ஆணியின் தலையைச் சுற்றி ஊற்றுங்கள். ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். பெரிய குமிழி வந்தால் உடனே தெரியும். மெல்லிய கசிவு என்றால் கடுகுமணி அளவில் வெள்ளை நுரை மெதுவாகத் திரளும். அதைத்தான் அவசரக்காரர்கள் தவறவிடுகிறார்கள். நுரையே இல்லை என்றால் ஆணி குட்டையானது, பட்டனுக்குள்ளேயே, அதாவது தரையில் பதியும் கெட்டி ரப்பருக்குள்ளேயே, நின்றுவிட்டது என்று நினைக்க இடமுண்டு. அப்போதும் பிடுங்க வேண்டாம். காற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஆணியின் தலை சாலையில் தேய்ந்து உருத்தெரியாமல் போகும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். அளவு நிற்கிறது என்றால் நிதானமாக ஓட்டிப் பட்டறைக்குப் போங்கள். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்பது ஒட்டுபவருக்குத் தேவையான தகவல். அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, "இங்கேதான் எங்கேயோ இருந்தது" என்று டயரைத் தடவுகிறவர்களிடம் எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கேள்வி: பஞ்சர் ஒட்டப் போனால் ஒருவர் டயரைக் கழற்றாமலேயே ரப்பர் திரியைச் செருகி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார். இன்னொருவர் டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் போட வேண்டும், நேரம் ஆகும் என்கிறார். எது நல்லது? வெயிலில் ஒட்டு இளகிப் பிரிந்துவிடுமா?

பதில்: இந்த மாதக் கேள்விகளில் எனக்குப் பிடித்தது இது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

திரி என்பது பிசுபிசுப்பான ரப்பரில் ஊறிய நூல்கயிறு. ஓட்டையை அரம்போன்ற முறுக்கு ஊசியால் குடைந்து, திரியை அதனுள் திணித்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிடுகிறார்கள். காற்று நின்றுவிடும். நடுவழியில் அது பெரிய உதவி. நானே என் வண்டியில் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். திரி போட்ட டயர் தேய்ந்து தீரும்வரை ஓடியதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் திரி போட்டவர் டயரின் உட்புறத்தைப் பார்க்கவில்லை. அதுதான் என் மனத்தாங்கல். உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா, காற்றில்லாமல் ஓடியதில் பக்கச் சுவர் வெந்துபோயிருக்கிறதா என்று வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. திரி ஓட்டையை அடைக்கிறதே தவிர, உட்படலத்தோடு ஒன்றாக இணைவதில்லை. டயர் நெளிய நெளிய அது தளரலாம். ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால் எஃகுப் பட்டை துருப்பிடிக்கும். துரு வெளியே தெரியாது.

மஷ்ரூம் பேட்சுக்குக் காளான்போல ஒரு குடையும் ஒரு காம்பும் உண்டு. காம்பு ஓட்டையை நிரப்புகிறது, குடை உட்படலத்தை மூடுகிறது. நல்ல ஒட்டு என்றால் இந்த இரண்டு வேலையும் நடக்க வேண்டும். வெறும் பேட்சும் போதாது, வெறும் திரியும் போதாது.

செய்யும் முறையைக் கூட நின்று பாருங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. கழற்றும் முன்பே வால்வுக்கு நேராக டயரில் ஒரு கோடு போடுவார். திரும்பவும் அதே இடத்தில் உட்கார்ந்தால் சமநிலை அதிகம் மாறாது. டயரை விரித்து உட்புறம் முழுவதையும் விளக்கடியில் சுற்றிப் பார்ப்பார். ஓட்டையின் சாய்வு பார்த்து அதே சாய்வில் துளைக்கருவியை உள்ளிருந்து விட்டுக் கம்பி நுனிகளைச் சுத்தமாக வெட்டி எடுப்பார். பிறகு ஓட்டையைச் சுற்றி உட்படலத்தை மெதுவாகச் சுற்றும் கல்லால் தேய்ப்பார். பளபளப்பு போய், விரலால் தடவினால் வெல்வெட் துணிபோல இருக்க வேண்டும். வழுவழுவென்று இருந்தால் ஒட்டாது. ஆழமாகத் தேய்த்தால் படலமே போய்விடும். தேய்த்த தூளை உறிஞ்சியோ தூரிகையாலோ எடுக்க வேண்டும். காற்றுக் குழாயால் ஊதுகிறவர்கள் உண்டு. அந்தக் காற்றில் எண்ணெயும் ஈரமும் கலந்து வரும்.

அடுத்தது சொல்யூஷன், அதாவது ஒட்டுப் பசை. மெல்லியதாக ஒரு பூச்சு. பிறகு காத்திருப்பு. வெயில் இடறிவிடுவது இந்த இடத்தில்தான். சூடான டயரில் சொல்யூஷனின் மேற்பரப்பு உடனே ஆடை படிந்ததுபோல் காய்ந்துவிடும், அடியில் ஈரம் இருக்கும். காய்ந்துவிட்டது என்று நம்பிப் பேட்சை வைத்தால் அடியிலுள்ள கரைப்பான் வெளியேற வழியில்லாமல் கொப்புளமாக நிற்கும். ஆகவே டயர் முதலில் நிழலில் ஆற வேண்டும். பூசிய இடத்தைப் புறங்கையால் தொட்டால் பிசுபிசுப்பு இருக்க வேண்டும், கையோடு நூலிழையாக வரக் கூடாது. பேட்சின் அடியிலுள்ள தாளை உரித்தபிறகு அந்த முகத்தில் விரல் படக் கூடாது. நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்தால்கூட அந்த இடம் ஒட்டாது. திறந்தே கிடந்து கஞ்சியாகிப் போன சொல்யூஷன் டப்பாவைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று: பூசியதும் தீக்குச்சியைக் கிழித்துக் கொளுத்திக் காய வைப்பவர்கள் இருக்கிறார்கள். எரிவது கரைப்பான். பார்க்க வித்தைபோல இருக்கும், ஒட்டு கெடும், பட்டறையும் பற்றிக்கொள்ளும்.

காம்பை உள்ளிருந்து வெளியே இழுத்துக் குடை படிந்தபின், பல்சக்கர உருளையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி உருட்ட வேண்டும். அடியிலுள்ள காற்று முழுவதும் வெளியேற வேண்டும் அல்லவா? கடைசியில் வெளியே நீட்டும் காம்பை இழுக்காமல் அறுத்து, காற்றடித்து, சோப்புத் தண்ணீரில் ஒருமுறை பார்த்தால் வேலை முடிந்தது.

இனி வெயிலில் இளகுமா என்ற கேள்வி. முறையாகப் போட்ட பேட்ச் இளகாது. பேட்சின் அடிப்படலமும் சொல்யூஷனும் சேர்ந்து ஒரு வேதிவினையால் டயரின் ரப்பரோடு பிணைகின்றன. மிதமான சூடு அந்த வினையை விரைவுபடுத்தவே செய்யும். பிரிந்துபோன ஒட்டுகளை உரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அடியில் தேய்க்காத பளபளப்போ, தூசியோ, கைரேகையோ இருக்கும். வெயில்மேல் பழியைப் போடுவது எல்லோருக்கும் வசதி. அது மறுத்துப் பேசாது.

கேள்வி: எந்த ஓட்டையை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது?

பதில்: தரையில் பதியும் பகுதியின் நடுவில், 6 மில்லிமீட்டருக்கு மிகாத ஓட்டை என்றால் ஒட்டலாம். தோள்பட்டையும் (பட்டன் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் வளைவு) பக்கச் சுவரும் கூடவே கூடாது. இரண்டு ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால், பள்ளத்தின் நடுவே உள்ள அடையாளக் கட்டைகள் மேல்மட்டத்தோடு சமமாகிவிடும். அந்த டயரை ஒட்டுவது காசுக்குக் கேடு.

கேள்வி: நடைபாதைக் கல்லில் உரசிப் பக்கச் சுவர் கிழிந்துவிட்டது. டயர் புதிது. உள்ளே ஒரு டியூப் போட்டு ஓட்டலாம் என்கிறார் ஒட்டுபவர். மனம் கேட்கவில்லை. என்ன செய்ய?

பதில்: உங்கள் மனம் சொல்வதைக் கேளுங்கள். டயரின் சுமையைத் தாங்குவது அழுத்தம் நிறைந்த காற்று. அந்தக் காற்றை வடிவம் மாறாமல் பிடித்து வைப்பது பக்கச் சுவரில் குறுக்கே ஓடும் நூல்கள். கிழிந்த இடத்தில் நூல்கள் அறுந்திருக்கின்றன. டியூப் காற்றைப் பிடிக்கும். அறுந்த நூலின் வேலையைச் செய்யாது. ஒரு நாள் அந்த இடம் முட்டைபோல் புடைக்கும், அதற்குப் பிறகு உங்களுக்கு அவகாசம் கிடைக்காது.

வெப்பமான இடங்களில் இன்னும் ஒரு கேடு உண்டு. டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் டியூபுக்கென்று வழவழப்பான பரப்பு கிடையாது, வரிவரியாக இருக்கும். டியூப் அதில் உரசிக்கொண்டே சுழலும். உரசல் சூடு, சாலைச் சூடு, நெளிவுச் சூடு மூன்றும் சேரும். டியூப் கிழிந்தால் காற்று மெல்லக் கசியாது. வால்வுத் துளை வழியே ஒரே மூச்சில் போய்விடும். டியூப்லெஸ் டயரின் பெரிய நன்மையே மெதுவாக இறங்குவதுதான். அதை நாமே காசு கொடுத்து இழப்பானேன்? புது டயர் வாங்குங்கள். வலிக்கத்தான் செய்யும்.

கேள்வி: காற்று இறங்கியது தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டேன். ஆணி சிறியது, ஓட்டையும் நடுவில்தான். ஆனாலும் பட்டறையில் "டயர் போய்விட்டது" என்கிறார்கள். புது டயர் விற்கும் தந்திரமோ?

பதில்: தந்திரமா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டயரைக் கழற்றச் சொல்லி உட்புறத்தில் கையை விடுங்கள். மிளகுத்தூள்போல் கறுப்பு ரப்பர்த் தூள் கையில் வந்தால் விஷயம் முடிந்தது. காற்றில்லாமல் பக்கச் சுவர் மடங்கி, உட்புறம் தன்னோடு தானே அரைபட்ட தூள் அது. பக்கச் சுவரின் வெளிப்புறத்தில் டயரைச் சுற்றி ஒரு வளையம்போல் கீறலோ நிறமாற்றமோ தெரிகிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்த டயரை ஒட்டக் கூடாது. அதில் காற்றடிப்பதே ஆபத்து. அப்படி அடிக்க நேர்ந்தால் டயருக்கு நேரெதிரே குந்தி உட்காராதீர்கள். பக்கச் சுவருக்கு எதிரில் முகம் இருக்கவே கூடாது.

தூள் இல்லை, வளையம் இல்லை, சுவர் முழுவதும் உறுதியாக இருக்கிறது, அப்படியும் "போய்விட்டது" என்கிறாரா? வேறு பட்டறைக்குப் போங்கள்.

கேள்வி: ஒரே ஒரு டயரில் மட்டும் வாரா வாரம் காற்று குறைகிறது. தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தும் ஆணி இல்லை, ஓட்டை இல்லை என்கிறார்கள்.

பதில்: டயரை மட்டும் பார்த்திருக்கிறார்கள். வால்வைப் பார்த்தார்களா? மூடியைக் கழற்றிவிட்டு வால்வு முனையில் ஒரு சொட்டு எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வையுங்கள். குமிழி புடைத்தால் உள்ளே இருக்கும் வால்வு பின் தளர்ந்திருக்கிறது அல்லது அதில் மணல் சிக்கியிருக்கிறது. பின்னை மாற்றுவது ஒரு நிமிட வேலை. அடுத்து வால்வின் அடிப்பகுதி. அந்த ரப்பர்க் காம்பை மெல்ல வளைத்துப் பாருங்கள். வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் காய்ந்து காய்ந்து, வளைக்கும்போது மட்டும் திறந்துகொள்ளும் மெல்லிய வெடிப்புகள் அடியில் தெரியும். நேராக நிற்கும்போது கசியாது. வேகமாகச் சுழலும்போது விசையால் வளையும், அப்போது கசியும். தொட்டியில் முக்கும்போது அது சாதுவாக இருந்ததில் வியப்பில்லை. புது டயர் போடும்போதெல்லாம் புது வால்வும் போடச் சொல்வது இதனால்தான்.

வால்வும் நன்றாக இருந்தால் ரிம்மைச் சந்தேகப்படுங்கள். அலாய் ரிம் என்றால், டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் வெள்ளையாகப் பொரிந்து அரித்திருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, விளிம்புக்கு உரிய பசை தடவி மாட்டினால் நின்றுவிடும். பள்ளத்தில் விழுந்த ரிம் என்றால் உட்பக்கத்தில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ரிம்மை மட்டும் தனியாகக் கழுவிப் பார்க்க வேண்டும்.

அந்தச் சின்ன வால்வு மூடியைத் தொலைத்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களே, மணலுக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பது நீங்கள்தான்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் வெயிலில் அழுத்தம் ஏறாது என்பது உண்மையா?

பதில்: இல்லை. நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூடானால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் விரியும். நைட்ரஜனின் நன்மை வேறு: ஈரம் இல்லாமல் வரும், கொஞ்சம் மெதுவாகக் கசியும். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் ஓராண்டு சோதித்துப் பார்த்ததில் காற்றடித்த டயர்கள் சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. இழந்தன, நைட்ரஜன் அடித்தவை 2.2. இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் இல்லாத ஊரில் காற்று குறைந்தால் சாதாரணக் காற்றையே கலந்து அடியுங்கள், எதுவும் கெடாது.

கேள்வி: காரை நாள் முழுவதும் வெயிலில் நிறுத்தினால் டயர் வெடிக்குமா?

பதில்: நல்ல டயர் வெடிக்காது. 25 டிகிரியில் 33 அடித்த டயர் 65 டிகிரிக்குப் போனாலும் 40ஐத் தொடாது. ஏற்கெனவே புடைத்திருக்கும் டயருக்கு நான் பொறுப்பல்ல.

கேள்வி: மழை நாளில்தான் எனக்குப் பஞ்சர் அதிகம் ஆகிறது. வெயிலில் அல்லவா அதிகம் ஆக வேண்டும்?

பதில்: ஈரமான ரப்பரைக் கூர்மையான பொருள் எளிதில் கிழிக்கும், தண்ணீர் வழுக்கலைக் கொடுக்கிறது. ஓரத்தில் கிடக்கும் ஆணியையும் கண்ணாடியையும் மழைநீர் சாலைக்குக் கொண்டுவந்தும் விடும். ஆணி எந்தப் பருவத்திலும் குத்தும். குத்திய பிறகு டயர் எவ்வளவு விரைவில் பாழாகும் என்பதில்தான் வெயிலுக்குப் பங்கு.

கேள்வி: அதிகம் ஓடாத கார். பட்டன் புதிதுபோல இருக்கிறது. ஆனால் டயர் பழசு, மாற்றுங்கள் என்கிறார்கள். ஓடாத டயர் எப்படிப் பழசாகும்?

பதில்: ரப்பருக்கும் வெப்பத்துக்கும் உள்ள பகை மிகப் பழையது. 1830களில் ரப்பர் பூசிய காலணிகளும் மேலங்கிகளும் கோடையில் உருகி ஒட்டிக்கொண்டன, குளிரில் பாறைபோல் இறுகின. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உருகாமல் நிற்கும் என்று கண்டுபிடித்த பிறகுதான் டயர் என்ற பொருளுக்கே வழி பிறந்தது. ஆனால் அதோடு பகை தீரவில்லை. வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து ரப்பரை உள்ளுக்குள் இறுக்கிக்கொண்டே இருக்கின்றன, ஓடினாலும் ஓடாவிட்டாலும். வெப்பம் கூடக் கூட அது விரைவாக நடக்கும். சும்மா நிற்கும் டயருக்கு ஒரு கூடுதல் நட்டமும் உண்டு. ரப்பரில் கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு டயர் நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு வரும். நின்றுகொண்டே இருந்தால் வராது.

பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு தொடர் ஓடும். அதன் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து ஆண்டு ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள். வெப்பமான இடத்தில் வாழ்பவன் என்றால் ஆறு ஆண்டுக்கு மேல் நான் நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போக மாட்டேன். கட்டைவிரலால் பக்கச் சுவரை அமுக்கி வளைத்தால் சிலந்தி வலைபோல் வெடிப்பு தெரிகிறதா? தெரிந்தால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

கேள்வி: தனியாகக் கார் ஓட்டும் பெண் நான். நட்டநடு வெயிலில் சாலையில் பஞ்சர் ஆனால் நானே டயர் மாற்ற முடியுமா?

பதில்: முடியும் அம்மா. பலத்தைவிட வரிசை முக்கியம்.

முதலில் இடம். சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, சமதளத்தில் நிறுத்துங்கள். அதற்காக இன்னும் கொஞ்சம் மெதுவாக உருட்டிப் போனதில் டயர் கெட்டாலும் கெடட்டும். அபாய விளக்கைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வண்டியைத் தூக்கும் முன்பே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் சுழலும், ஜாக்கி ஆடும். ஸ்பேனரைக் கிடைமட்டமாக மாட்டி, கையால் மல்லுக்கட்டாமல் உடல் எடையைக் கீழ்நோக்கிக் கொடுத்தால் இறுகிய நட்டும் அசையும்.

வெயில் நாளில் தார் இளகியிருக்கும். ஜாக்கியின் சின்ன அடிப்பாகம் அதில் மெல்லப் புதைந்து சாயும். வண்டியின் பின்புறத்தில் ஒரு சாண் அகலப் பலகைத் துண்டு எப்போதும் கிடக்கட்டும். ஜாக்கிக்கு அடியில் அதைக் கொடுங்கள். வண்டி தூக்கியிருக்கும்போது அடியில் கையோ காலோ போகக் கூடாது. சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் தட்டைத் தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும். சீக்கிரம் ஆறட்டும் என்று அதன்மேல் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், தட்டு கோணிக்கொள்ளும். ஸ்பேனரும் ஜாக்கியும்கூட வெயிலில் கிடந்தால் சுடும். ஒரு ஜோடி துணிக் கையுறை வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச் சக்கரத்தின் நட்டுகளை முதலில் விரலால் முடுக்குங்கள். பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள், வரிசையாக அல்ல. கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு. ஒரு 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். இத்தனையும் செய்ய முடியாத இடம் என்றால், வேகமாக வண்டிகள் பறக்கும் ஓரம் என்றால், டயரை மறந்துவிட்டுத் தடுப்புக்கு அப்பால் நிழலில் நின்று உதவியை அழையுங்கள். ஒரு டயருக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் காரில் ஸ்டெப்னி இல்லை. ஒரு பாட்டிலில் பஞ்சர் திரவமும் சிறிய காற்று இயந்திரமும் கொடுத்திருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: தரையில் பதியும் பகுதியில் சிறிய ஓட்டை என்றால் நம்பலாம். பக்கச் சுவர் கிழிந்தால் அந்தப் பாட்டில் அலங்காரப் பொருள். பாட்டிலின்மேல் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டி அடுப்பங்கரைக்குச் சளைத்ததல்ல, திரவம் உறைந்து கெட்டிப்படலாம். ஊற்றிய பிறகு பெரும்பாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று போட்டிருப்பார்கள். அது பட்டறைவரை போய்ச்சேரத்தான். போனதும் "உள்ளே திரவம் ஊற்றியிருக்கிறேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் மனிதரின் சட்டை முழுவதும் அந்த வெள்ளைப் பால் தெறிக்கும். அவர் என்னைப்போலக் கடிதம் எழுதித் திட்ட மாட்டார், நேரிலேயே திட்டிவிடுவார். காற்றழுத்த உணரி இருந்தால் அதையும் துடைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்டெப்னி புத்தம் புதிதாக, ஒருமுறைகூட இறக்காமல் இருக்கிறது. அதற்கும் காற்றுப் பார்க்க வேண்டுமா?

பதில்: அதற்குத்தான் முதலில் பார்க்க வேண்டும். எந்த டயரும் மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. வரைகூடத் தானாகவே இழக்கலாம். யாரும் பார்க்காத டயர் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையது ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அதற்கு 33 போதாது. பெரும்பாலானவற்றுக்கு 60 பி.எஸ்.ஐ. வேண்டும், அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். வேகமும் 80 கிலோமீட்டருக்குள். மற்ற நாலு டயருக்கும் காற்றடிக்கும் அன்றைக்கே பின்பெட்டியில் இருக்கும் சாமான்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு இதையும் அளந்துவிடுங்கள்.